யாரும் எதிர்க்காத இடமாற்றம்

எபினேசர் போர்டை டஸ்டரால் துடைப்பதில்லை, உள்ளங்கையால்தான் துடைப்பார். எழுதினது ஒன்று, நடந்தது ஒன்று என்கிற ஆத்திரம் டஸ்டரில் தீராது போலிருக்கிறது. பரபரவென்று அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே அம்புக்குறியை நீல மார்க்கரால் மறுபடி போடுவார். சாயங்காலம் ராயபுரத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வலது கை மணிக்கட்டு வரைக்கும் நீலமாக இருக்கும். மனைவி மகிமா முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். "இன்னைக்கும் நீலந்தானா? சரி, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்பாள்.

போர்டு தொங்குவது யானைக்கவுனியில், தவசிமுத்து அண்ணாச்சியின் மளிகை மொத்தக் கடையில், வத்தல் மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் நடுவே ஒரு தூணில். காலையில் ஆட்கள் எல்லாரையும் அதன் முன்னால் நிற்கவைத்து எபினேசர் பேசுவார். "முதல்ல பருப்பு மாதவரத்துப் புதுக் கிடங்குக்குப் போவுது. பிறகு வத்தல். பிறகு ஆளுக. கடைசியா கல்லா. சரியா?" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "சரியா?" உண்டு. ஒவ்வொரு "சரியா?"வுக்கும் பத்துப் பதினைந்து தொண்டைகளிலிருந்து ஒரு "சரி" வரும். எடை போடுகிற ரகுபதியின் "சரி சார்" வாக்கியம் முடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி மட்டும் "செஞ்சிருவோம்ல" என்பார். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் நேற்று எங்கே நின்றார்களோ அங்கேயே போய் நின்றுகொண்டு, நேற்றுச் செய்த வேலையையே செய்வார்கள். இந்தக் கடையில் "சரி" என்றால் "நீ சொன்னது காதில் விழுந்தது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைப் புரிந்துகொள்ள மனிதருக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

சும்மா ஆடம்பரத்துக்காகக் கடையை மாற்றச் சொல்லவில்லை அவர். கடையின் கூரை, மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசின பழைய காலத்து மொட்டைமாடி. நடு உத்தரம் விரிசல் விட்டுவிட்டது. அதற்கு நேர்கீழேதான் எடைமெஷின், அதன் பக்கத்தில்தான் ரகுபதியின் முக்காலி. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள் போவதும் வருவதும் அந்த உத்தரத்தின் அடியில்தான். எபினேசர் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த ஆள் உள்ளே வந்தார், அண்ணாந்து பார்த்தார், "வாங்க, டீ சாப்டுக்கிட்டே பேசலாம்" என்று எபினேசரின் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார். எதிர்ச்சாரியில் டீக்கடைக்குப் போய் நின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "இந்த மழைக்கு இது நிக்காது சார். ஆளுங்கள வெளிய எடுத்துருங்க."

இதை எபினேசர் ஒருவர் விடாமல் சொன்னார். எல்லாரும் பதறிப்போனார்கள். இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. உத்தரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்தார் எபினேசர். ரகுபதி அதில் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டார். தலைக்கு மஞ்சள் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். ஒன்றில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றில் டீ கிளாஸ் அடுக்கியிருக்கிறார்கள், ஒன்றில் கடைப் பூனை குட்டி போட்டிருக்கிறது. கேட்டால், "பாவம் சார், பச்ச ஒடம்பு" என்று பூனைக்குப் பரிந்து பேசுகிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய!

எபினேசருக்கு ஊர் நாசரேத். அண்ணாச்சியின் கூடப்பிறந்த அக்கா அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய மூத்த மகன் இவர். ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆளை இவர் மாமா என்பார். படித்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அங்கே இந்தத் தேதியில் இந்தக் கப்பல் என்று போர்டில் எழுதினால் கப்பல் வந்து நிற்கும். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று அந்த அப்பாவி மனிதர் நம்பிவிட்டார்.

அவரை அங்கிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்ததே அண்ணாச்சிதான். "மருமவனே, எனக்கு வயசாயிட்டு. கடைய இந்தக் காலத்துக்குத் தக்கன நீ மாத்திக் குடு. நீ என்ன சொன்னாலும் நான் கேக்கேன்" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். மாதவரத்தில் இடம் வாங்கியதும் அண்ணாச்சியின் யோசனை. லாரி நேராக உள்ளே வந்து திரும்பிப்போகலாம். தகரக் கூரை, உயரமான சுவர், நல்ல வெளிச்சம், தலைக்கு மேலே உத்தரமே கிடையாது. எபினேசருக்கு அந்தக் கிடங்கு மேல் ஒரு மையல். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மகிமாவையும் கூட்டிக்கொண்டு போய் அதைச் சுற்றிக்காட்டியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள், "காலிக் கெட்டடத்த ஜோடியா வந்து பாக்கது நாம ரெண்டு பேருந்தான்" என்றாளாம்.

நிறுவனங்களில் மாற்றம் கொண்டுவருவது எப்படி என்று வகுப்பெடுக்கிற செங்குட்டுவன் என்பவரிடமும் ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். "மாற்றம் என்றால் எதிர்ப்பு வரும். யார் எதிர்க்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவரை உட்காரவைத்துப் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினார் அவர். எபினேசரும் கடையில் சல்லடை போட்டுத் தேடினார். எதிர்க்கிறவர் ஒருத்தராவது கிடைக்க வேண்டுமே! எதிர்த்து ஒருவன் நாலு வார்த்தை கத்தியிருந்தால் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். இங்கே எல்லாரும் ஆதரவு.

"மாதவரம் சோக்கா கீது சார். காத்தோட்டமா கீது. எப்ப போறோம்?" என்று ரகுபதியே கேட்பார்.

"நாளைக்கே போங்க."

"நாளிக்கா? நாளிக்கு அண்ணாச்சி அங்க வந்துருவாரா?"

"அவர் பிறகு வருவாரு."

"அண்ணாச்சி இல்லாம நாங்க மட்டும் போய் இன்னா சார் பண்றது, கொசு அடிக்கிறதா?"

சுற்றிச் சுற்றி எல்லாம் அண்ணாச்சியிடம் வந்து நிற்கும். அண்ணாச்சி போய்விட்டால் மறுநாளே எல்லாரும் போய்விடுவார்கள். அண்ணாச்சியும் போகத் தயார்தான். ஆனால் போணி?

போணி இல்லாமல் அந்தக் கடையில் ஒரு பருப்பு வெளியே போகாது. காலையில் முதல் வியாபாரம் புஷ்பவல்லி கையால் ஆகவேண்டும். புஷ்பவல்லி கருவாடு போடுகிறவர். கையில் ஒரு பையோடு வந்து கல் உப்பு வாங்கிப் போவார், அவ்வளவுதான் வியாபாரம். ஒரு காலத்தில் கடை நொடித்துப்போய், பூட்டிவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று அண்ணாச்சி உட்கார்ந்திருந்த காலையில் இந்த அம்மாள் வந்து உப்பு வாங்கினாராம். அன்றைக்கு நிமிர்ந்த கடைதானாம். அதிலிருந்து அவர் வந்து உப்பு வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு வியாபாரம். லாரியோடு வந்து நிற்கிற பெரிய கடைக்காரர்கூட, "இன்னும் புஷ்பவல்லி வரல, செத்த இரிங்க" என்று காத்திருக்க வேண்டியதுதான்.

எபினேசர் யோசித்தார். சரி, இவ்வளவுதானே, அந்த அம்மாளை மாதவரத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. நல்ல நாள் பார்த்துக் காரில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அண்ணாச்சி சூடம் கொளுத்தினார், எபினேசர் கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் செய்தார், புஷ்பவல்லி பை நிறைய உப்பு வாங்கினார். அண்ணாச்சி அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆட்கள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் கை வெள்ளையாக வீட்டுக்குப் போனார் எபினேசர். மகிமா வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாயாசத்துக்குச் சேமியா வறுத்தாள்.

மறுநாள் காலையில் மாதவரத்துக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மட்டும் நிற்கிறார். ஒரு ஈ காக்கை இல்லை. போன் போட்டார்.

"மாமா, எங்க இருக்கீய?"

"கடையிலதாம்ல இருக்கேன்."

"கடை இங்கல்லா இருக்கு!"

"அங்க நேத்துப் போணி ஆயிட்டு. இன்னைக்குள்ளது ஆவ வேண்டாமா?"

எபினேசர் அப்படியே கேட்டில் சாய்ந்துவிட்டார். போணி என்பது தினமும் ஆகிற காரியம்! லாரிக்குத் திட்டம், மூட்டைக்குத் திட்டம், மின்சாரத்துக்குத் திட்டம், கழிவறைக்குக்கூடத் திட்டம் போட்ட மனிதர், கடைக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை எப்படி மறந்தார்? திறப்புவிழா போல அதையும் ஒருநாள் காரியமாக நினைத்துவிட்டார். மண்டையில் மடார் மடார் என்று அடித்துக்கொண்டார். அடித்து என்ன பிரயோஜனம்!

அப்புறம் ஒரு சமாதானம் பேசினார்கள். போணி மட்டும் யானைக்கவுனியில் ஆகட்டும், ஆனதும் அண்ணாச்சி கிளம்பி மாதவரம் வந்துவிடுவார் என்று. இதற்கும் எல்லாரும் சரி சொன்னார்கள். நடந்தது என்ன? போணிக்காகக் கல்லாப்பெட்டி யானைக்கவுனியிலேயே இருந்தது. பெட்டி இருப்பதால் அண்ணாச்சி இருந்தார். அண்ணாச்சி இருப்பதால் வாடிக்கைக்காரர்கள் அங்கேயே வந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு வேண்டுமே, சரக்குதான் மாதவரத்துக்குப் போய்விட்டதே! ஒருநாள் எபினேசர் கிடங்குக்குள் நுழையும்போது, முந்தின நாள் இறக்கின உளுந்து மூட்டைகளை ரகுபதியும் ஆட்களும் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னய்யா பண்ணுதீங்க?"

"அண்ணாச்சி போன் பண்ணாரு சார். உளுந்து கேக்குறாங்களாம்."

"நேத்து நீங்கதானய்யா இறக்குனீங்க!"

"ஆமா சார், நாங்கதான் எறக்கனோம். அத்தொட்டுதான் நாங்களே வந்து ஏத்திகினு கீறோம். எது எங்க கீதுன்னு வேற ஆளுக்கு இன்னா தெரியும்?"

ரகுபதி கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே உதவி செய்கிற முகத்தோடு சொன்னார். அதுதான் எபினேசருக்குத் தாங்கவில்லை. அன்றைக்குக் கை மட்டுமல்ல, நெற்றியும் நீலமாக வீட்டுக்குப் போனார். சாப்பிட உட்கார்ந்து, "நாளைக்கு நான் நேரா நெட்டுக்குப்பம் போயி புஷ்பவல்லி அம்மாகிட்டயே பேசப் போறேன், சரியா?" என்று மகிமாவிடம் கேட்டார். "சரின்னு மட்டும் சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

புஷ்பவல்லி முன்பு காசிமேட்டில் இருந்தவர். அப்போது யானைக்கவுனி அவருக்குப் பக்கம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வடக்கே கடலோரம் நெட்டுக்குப்பத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். எபினேசர் போனபோது, தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் நிற்க, வலையை விரித்து அதன்மேல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மழை மேகம் கட்டுவதால் அவருக்கும் அவசரம். கையை நிறுத்தாமலே பேசினார்.

"இன்னா நைனா, இம்மாந்தூரம்?"

எபினேசர் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நீங்க யானைக்கவுனிக்கு உப்பு வாங்க வாரத நிறுத்த முடியுமா? மாமா இடத்த விட்டு அசைய மாட்டேங்காரு. கூரை விழுந்திரும் போல இருக்கு."

புஷ்பவல்லி கருவாட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நானா வர்றேன்? அய்ய! இந்தா பாரு, எங்க தெரு முக்குலயே உப்பு கீது. அந்த உப்ப வாங்க நான் விடிய முன்ன பஸ் ஏறி, மாறி, யானைக்கவுனிக்கு வந்து, அந்த மூட்டயத் தூக்கிகினு திரும்ப பஸ் ஏறணுமா? கால் வலி உயிர் போவுது. ஜொரத்துலகூட வந்துகீறேன் தெரியுமா? மனுசன் எனுக்காகக் கடயத் தொறக்காம குந்திகினு கீறாரேன்னுதான் வர்றேன். அவரு மாறிகினு போனா எனுக்குத்தான் மொதல்ல நிம்மதி."

எபினேசருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவருக்காக அவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்காக இவர் வருகிறார். நடுவில் ஒரு கடையே மாட்டிக்கொண்டு நிற்கிறது. "அப்ப இத மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்கம்மா" என்றார்.

"நானா? சான்ஸே இல்ல. அந்த மனுசன் மூஞ்சப் பாத்து உன் உப்பு வேணாம்னு எப்பிடிச் சொல்றது? பேஜாராப் பூடும். நீ சொல்லு நைனா."

எபினேசரே சொன்னார். புஷ்பவல்லியின் தெருவிலேயே உப்பு கிடைக்கிறதையும், கால்வலியையும், காய்ச்சலோடு வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணாச்சி கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். எபினேசருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் அண்ணாச்சி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியாடா அவ மனச? கால்வலியோட, காச்சலோட நமக்காக வாரா. இப்ப நமக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு, வேண்டாம்னு சொல்லுதா. இப்பேர்ப்பட்டவ வரும்போது கடைய மூடிட்டுப் போறதாவது! நான் மனுசனா?"

போர்டை அன்றைக்கு எபினேசர் இரண்டு கையாலும் அழித்தார்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில் ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் எபினேசர் மாதவரம் போகாமல் நேரே யானைக்கவுனிக்கு வந்துவிட்டார். கடைக்குள் சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். ரகுபதி முக்காலியை விட்டு எழுந்து, புஷ்பவல்லி வருகிறாரா என்று தெருவை எட்டிப் பார்க்க வாசலுக்கு வந்தார். வந்து நின்றதும் பின்னால் தொம்மென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரே புழுதி. புழுதி அடங்கியதும், முழுத் தேங்காய் பருமனில் செங்கலும் சுண்ணாம்புமாக இரண்டு கட்டி முக்காலியின் மேல் விழுந்து கிடந்தது. மேலே ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

எல்லாரும் அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒருவர் துடைப்பத்தை எடுத்தார், ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் கட்டிகளைத் தூக்கித் தெருவோரம் போட்டார். ரகுபதி முக்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தார்.

"எந்திரிங்கய்யா!" என்று எபினேசர் கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. "மாமா, இதுக்கு மேலயும் என்ன வேணும்? ஒரு உசுரு போனாத்தான் எந்திரிப்பீயளா?"

அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. அந்தக் காலை வேளையில் அவருக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான். "இருல. போணி ஆவட்டும். பேசுவோம்."

அந்த நேரம் பார்த்துப் பையோடு புஷ்பவல்லி வந்தார். வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா அண்ணாச்சி, மேல ஓட்டயாக் கீது!"

"ஒண்ணுமில்ல, நீ வா. ரகுபதி, சீக்கிரம் உப்பப் போடு."

ரகுபதி உப்பு மூட்டையைப் பக்கத்தில் இழுத்துக் குனிந்தார். எபினேசர் போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவரை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, ஓட்டைக்கு நேர்கீழே இருந்த அந்த முக்காலியில் தானே உட்கார்ந்தார். "உப்ப நான் போடுதேன்" என்றார்.

பையை எடைமெஷின்மேல் வைத்தார். அள்ளிப் போடத் தகர முறம் அங்கேதான் கிடந்தது. அதைத் தொடவில்லை. கையால் ஒரு பிடி உப்பு எடுத்துப் பைக்குள் விட்டார். சிவப்பு எண் கொஞ்சம் ஏறியது. நிதானமாக இன்னொரு பிடி. மேலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக அவர் தலையிலும் கண்ணாடியிலும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏல, முறத்தால அள்ளிப் போடு."

"போணி நல்லபடியா ஆவட்டும் மாமா. எனக்கு அவசரமில்ல."

"எந்திரில! ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எபினேசர் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. "ரகுபதி அம்மாவுக்கு என்ன பதில் வச்சிருந்தீய?"

ரகுபதி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பவல்லிதான் முதலில் பொறுக்கமாட்டாமல் பேசினார்.

"அண்ணாச்சி, மெய்யாலுமே சொல்றேன், எனுக்கு உன் உப்பு வேணா. எங்க தெருவுலயே கீது. நீ குந்திகினு கீறியேன்னுதான் இத்தினி நாளா நான் வந்துகினு இருந்தேன். புள்ள தலயில இடியப் போவுது. எய்ந்து போ அண்ணாச்சி."

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். கல்லாப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். ரகுபதி ஓடிவந்து தூக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நடந்தார். போணி ஆகாத பெட்டி. வாசல்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்று திரும்பினார்.

"அதான் கெளம்பிட்டேன்லா. நீயும் எந்திரிச்சி வா."

எபினேசர் மூட்டைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி உப்பு அள்ளினார்.

அண்ணாச்சி தெருவில் இறங்கினார்.